வாசலில் நிற்கும் ஹார்மோன், உள்ளே ஓடும் தூதன்

டியூஷன் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறீர்கள். தாமான் முனையில் இருக்கும் அந்த வீட்டின் இரும்புக் கதவு இன்று திறந்து கிடக்கிறது. நாய் ஒன்று உறுமியபடி வெளியே வருகிறது. நாயைக் கண்டால் ஓடக்கூடாது என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் கால் கேட்பதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில்கூட நீங்கள் அப்படி ஓடியிருக்க மாட்டீர்கள். வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திய பிறகுதான் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் தெரிகிறது.

அந்த ஓட்டத்துக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது? மதியம் சாப்பிட்ட சோறு எப்போதோ செரித்துவிட்டது. அதன் சர்க்கரையில் ஒரு பகுதியை உங்கள் கல்லீரல் கிளைகோஜன் என்ற நீண்ட சங்கிலியாகக் கோத்துப் பத்திரப்படுத்தியிருந்தது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் கிளைகோஜன் இருக்கும். நாயைப் பார்த்த கணத்தில், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கொட்டின. அது கல்லீரலை அடைந்தது. சங்கிலி அறுந்தது. குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்தது.

பாடநூலில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரிக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அட்ரினலின் நீரில் கரையும் பொருள். உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வோ கொழுப்பால் ஆனது. எண்ணெயும் தண்ணீரும் சேராதது போல அட்ரினலினால் அந்தச் சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அது வெளிப்புறத்தில் ஓர் ஏற்பியைத் தொடுகிறது, சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிறகு விலகிப் போய்விடுகிறது. கிளைகோஜனும் அதை வெட்டும் நொதியும் உள்ளே இருக்கின்றன. வெளியே நின்றவர் சொன்ன செய்தி உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஏர்ல் சதர்லேண்ட் என்ற அமெரிக்கர். 1915இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

உடைத்த உயிரணுவில் ஒரு பரிசோதனை

1950களில் ஹார்மோன்களை ஆராய்ந்த பலருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: ஹார்மோன் வேலை செய்ய வேண்டுமானால் உயிரணு முழுதாக, உயிரோடு இருக்க வேண்டும். உயிரணுவை உடைத்துவிட்டால் கதை முடிந்தது. சதர்லேண்ட் அதை ஏற்கவில்லை. கிளீவ்லாந்து நகரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவரும் தியோடர் ரால் முதலிய சகாக்களும் விலங்கின் கல்லீரலை எடுத்துக் கூழாக அரைத்தார்கள். அந்தக் கூழில் அட்ரினலினைச் சேர்த்தார்கள். கிளைகோஜனை வெட்டும் பாஸ்போரிலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. முழு உயிரணு தேவையில்லை என்பது உறுதியாயிற்று.

அடுத்து, கூழை ஒரு சுழற்பொறியில் இட்டு வேகமாகச் சுழற்றினார்கள். கனமான சவ்வுத் துண்டுகள் அடியில் படிந்தன. தெளிந்த நீர் மேலே நின்றது. பாஸ்போரிலேஸ் நொதி அந்தத் தெளிந்த நீரில்தான் இருந்தது. அதில் அட்ரினலினை விட்டார்கள். எதுவும் நடக்கவில்லை!

இங்கே சற்று நிறுத்தி நீங்களே யோசித்துப் பாருங்கள். வெட்டும் நொதி இருக்கிறது, ஹார்மோனும் இருக்கிறது. வேலை மட்டும் நடக்கவில்லை. கீழே தள்ளிய வண்டலில்தான் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க அடுத்து என்ன செய்வீர்கள்?

அவர்கள் செய்தது இதுதான். வண்டலை மட்டும் தனியாக எடுத்து, அதனுடன் அட்ரினலினையும், உயிரணுக்களின் சக்திப் பொருளான ஏ.டி.பி.யையும் சேர்த்துச் சற்று நேரம் வைத்திருந்தார்கள். பிறகு அந்தக் கலவையைக் கொதிக்கவைத்தார்கள். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிவிடுவது போல, கொதிநீரில் புரதங்கள் உருக்குலைந்துவிடும். ஆகவே வண்டலில் இருந்த எந்த நொதியும் இனி வேலை செய்யாது. அப்படிக் கொதிக்கவைத்த கலவையிலிருந்து எடுத்த நீரைத் தெளிந்த நீரில் ஊற்றினார்கள். பாஸ்போரிலேஸ் உடனே விழித்துக்கொண்டது.

இதன் பொருள் என்ன? சவ்வும் ஹார்மோனும் சந்தித்தபோது புதிதாக ஒரு பொருள் உருவாகியிருக்கிறது. அது கொதித்தாலும் கெடவில்லை. ஆகவே அது புரதமாக இருக்க வாய்ப்பில்லை, சிறிய மூலக்கூறாகத்தான் இருக்க வேண்டும். ஹார்மோனின் செய்தியை உள்ளே கொண்டுபோவது அந்தச் சிறு மூலக்கூறுதான். ஒரு சுழற்பொறி, ஒரு கொதிபானை, கொஞ்சம் பொறுமை ஆகியவற்றைக் கொண்டு வந்த முடிவு இது. என்னைக் கேட்டால், உயிரியலில் இதைவிட அழகான பரிசோதனைகள் மிகச் சிலவே. 1957இல் இது வெளியானது.

அந்த மூலக்கூறு எது என்று தெரிந்த விதமும் சுவையானது. சதர்லேண்ட் அதன் தன்மைகளை விவரித்து லியோன் ஹெப்பல் என்ற நொதி ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். அதே சமயத்தில் டேவிட் லிப்கின் என்ற வேதியியலாளரும் ஹெப்பலுக்கு எழுதினார். ஏ.டி.பி.யைப் பேரியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்துச் சூடாக்கியபோது விநோதமான ஒரு பொருள் கிடைத்ததாக அவர் சொல்லியிருந்தார். இரு கடிதங்களும் ஹெப்பலின் மேசையில் கிடந்தன. இரண்டையும் படித்த அவருக்கு, இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பட்டது. அவர் இருவரையும் இணைத்துவைத்தார். அந்தப் பொருள்தான் சைக்ளிக் ஏ.எம்.பி.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் வால்போல் நீண்டிருக்கும். அவற்றில் இரண்டை வெட்டிவிட்டு, மிஞ்சிய ஒன்றை வளைத்து மூலக்கூறின் சர்க்கரைப் பகுதியிலேயே இன்னோர் இடத்தில் கட்டிவிட்டால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். ‘சைக்ளிக்’ என்ற பெயர் அந்த வளையத்தைக் குறிக்கிறது. ஹார்மோன் முதல் தூதன் என்றால் இது இரண்டாம் தூதன். 1971ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சதர்லேண்டுக்கு மட்டும், வேறு யாருடனும் பகிராமல், வழங்கப்பட்டது.

மாப்பிள்ளை வந்தாச்சு!

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நிற்கிறது. மாப்பிள்ளை இன்னும் உள்ளே வரவில்லை. ஆரத்தி எடுக்காமல் வரவும் முடியாது. ஆனால் வாசலில் நின்ற பிள்ளைகள் அதற்குள் உள்ளே ஓடிவிட்டார்கள். ‘மாப்பிள்ளை வந்தாச்சு!’ அந்தக் குரல் கேட்டதும் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை எடுக்கிறார், அத்தைமார் ஆரத்தித் தட்டைத் தூக்குகிறார்கள், சமையல்காரர் அடுப்பைப் பார்க்கிறார். மாப்பிள்ளைதான் ஹார்மோன். ஓடும் பிள்ளைகள்தான் சைக்ளிக் ஏ.எம்.பி.

இனி வாசலில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அட்ரினலின் தொடும் ஏற்பி, சவ்வுக்குள் ஏழுமுறை நுழைந்து வெளிவந்து பின்னிக்கிடக்கும் ஒரு நீண்ட புரதம். வெளிப்புறத்தில் அட்ரினலின் பொருந்தியதும் அதன் உட்புற வடிவம் சற்றே மாறுகிறது. உட்புறத்தில் காத்திருக்கும் ஜி புரதம் அந்த மாற்றத்தை உணர்கிறது. ஜி புரதம் தன்னிடம் இருந்த பழைய சீட்டை உதறிவிட்டு ஜி.டி.பி. என்ற மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அதுதான் அதன் ‘வேலைச் சீட்டு’. சீட்டு கைக்கு வந்ததும் ஜி புரதத்தின் ஒரு பகுதி பிரிந்து, சவ்வின் ஓரமாகவே நகர்ந்துபோய், அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதிதான் ஏ.டி.பி.யை வளைத்துச் சைக்ளிக் ஏ.எம்.பி. செய்யும் தொழிற்சாலை. ஜி புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக மார்ட்டின் ராட்பெல், ஆல்பிரட் கில்மன் இருவருக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகளை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் 2012இல் பெற்றார்கள். சதர்லேண்ட் திறந்துவிட்ட அதே வாசலில்தான் இத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள்.

உள்ளே ஓடும் சைக்ளிக் ஏ.எம்.பி. நேராகக் கிளைகோஜனிடம் போவதில்லை. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியிடம் போகிறது. அந்த நொதி சாதாரண நேரத்தில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும்: வேலை செய்யும் இரு பகுதிகளை, தடுத்துவைக்கும் இரு பகுதிகள் இறுக்கிப் பிடித்திருக்கும். நான்கு சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகள் வந்து தடுப்புப் பகுதிகளில் அமர்ந்ததும் பிடி தளர்கிறது, வேலைப் பகுதிகள் விடுபடுகின்றன. அவை மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. பாஸ்பேட் ஒட்டப்பட்ட நொதி விழிக்கும், அல்லது உறங்கும். அது அந்தந்த நொதியைப் பொறுத்தது. கல்லீரலில் கிளைகோஜனை வெட்டும் நொதி விழிக்கிறது. அதே நேரத்தில் கிளைகோஜனைக் கோக்கும் நொதி உறங்கிப்போகிறது. இல்லையென்றால் ஒரு பக்கம் வெட்டவும் மறுபக்கம் கோக்கவும் என்று வேலை வீணாகும்.

ஏன் இத்தனை படிகள், அட்ரினலினே நேராகச் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விடை கணக்கில் இருக்கிறது. ஓர் ஏற்பி விழித்திருக்கும் நேரத்தில் பல ஜி புரதங்களைத் தட்டலாம். விழித்த ஒவ்வொரு சைக்ளேஸ் நொதியும் ஏராளமான சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் செய்துதள்ளும். விழித்த ஒவ்வொரு கைனேஸும் பல நொதிகளில் பாஸ்பேட்டை ஒட்டும். கடைசியில் நிற்கும் ஒவ்வொரு பாஸ்போரிலேஸும் பல குளுக்கோஸ் அலகுகளை வெட்டும். ஒரே ஓர் அட்ரினலின் மூலக்கூறு தொடங்கிவைத்த செய்தி, கடைசிப் படியில் 10 கோடி, அதாவது 100 மில்லியன் குளுக்கோஸ் அலகுகள் வரை பெருகக்கூடும் என்பது பாடநூல்கள் காட்டும் உத்தேசக் கணக்கு. எல்லாப் படியிலும் பெருக்கம் நடப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்: கைனேஸைத் திறக்க நான்கு சைக்ளிக் ஏ.எம்.பி. செலவாகிறதே!

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மனிதக் கல்லீரலில் அட்ரினலினுக்குக் கால்சியம் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. காலையில் பசியாறாமல் சபைக்கூடலில் நிற்கிறீர்களே, அப்போது கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோன்தான் உங்கள் கல்லீரலில் சைக்ளிக் ஏ.எம்.பி. பாதையைப் பெரிதும் பயன்படுத்துகிறது. சதர்லேண்ட் தம் பரிசோதனையில் இரண்டு ஹார்மோன்களையும் வைத்துப் பார்த்தவர்தான்.

ஒரே குரல், வேறு வேறு வேலை

‘மாப்பிள்ளை வந்தாச்சு’ என்ற ஒரே குரலுக்கு நாதஸ்வரக்காரர் ஒன்று செய்கிறார், சமையல்காரர் வேறொன்று செய்கிறார். செய்தியில் வேறுபாடு இல்லை. கேட்பவரின் தொழிலில்தான் வேறுபாடு. சைக்ளிக் ஏ.எம்.பி.யும் அப்படியே. கல்லீரலில் அது சர்க்கரையை விடுவிக்கிறது. இதயத் தசையில் துடிப்பை வேகமாகவும் வலுவாகவும் ஆக்குகிறது. கொழுப்பு உயிரணுவில் சேமித்த கொழுப்பைக் கரைக்கிறது. சிறுநீரகத்தில் வேறொரு ஹார்மோனின் ஆணைப்படி, சிறுநீராகப் போகவிருந்த தண்ணீரை மீட்டு இரத்தத்துக்குத் திருப்புகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையிலோ அது தளர்ச்சியைக் கொண்டுவருகிறது. குழாய் விரிகிறது, காற்று தடையின்றிப் போகிறது.

கடைசியாகச் சொன்னது உங்கள் வகுப்பில் யாராவது ஒருவரின் பையில் இருக்கும். ஆஸ்துமா உள்ள மாணவர்கள் வைத்திருக்கும் நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்புட்டமால் என்ற மருந்து. அட்ரினலின் தொடும் அதே வகை ஏற்பிகளில், மூச்சுக்குழாய்த் தசையில் நிறைந்திருக்கும் ஒரு பிரிவை மட்டும் தேர்ந்து தொடுமாறு உருவாக்கப்பட்டது அது. மருந்து உள்ளே போனதும் ஜி புரதம், சைக்ளேஸ், சைக்ளிக் ஏ.எம்.பி., கைனேஸ் என்று வரிசையாக எல்லாம் விழிக்க, இறுகிய தசை சில நிமிடங்களில் தளர்கிறது. சிலருக்கு அதன்பின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நாய் துரத்தியபோது உங்களுக்கு நடந்த அதே நடுக்கம்! மருந்தில் ஒரு சிறு பங்கு இரத்தத்தில் கலந்து கைகால் தசையையும் இதயத்தையும் தொடுவதால் வருவது அது.

இந்தக் குரல் மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை. ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவிலும் சதர்லேண்டின் குழு 1965இல் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டது. குளுக்கோஸ் தீர்ந்துபோனால் அங்கே அதன் அளவு ஏறும்; வேறு சர்க்கரையைத் தேடு என்று பாக்டீரியா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பசிச் செய்தி அது. மண்ணில் வாழும் ஒருவகை அமீபாக்களோ உணவு தீர்ந்ததும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை வெளியிலேயே உமிழ்ந்து ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. ஆயிரக்கணக்கில் கூடி ஒரே உடலாக ஊர்ந்துபோகின்றன.

குரலை யார் நிறுத்துவது?

மாப்பிள்ளை வந்து, தாலி கட்டி, பந்தியும் முடிந்த பிறகு பிள்ளைகள் இன்னும் ‘வந்தாச்சு, வந்தாச்சு’ என்று கத்திக்கொண்டே ஓடினால் என்ன ஆகும்? உயிரணுவுக்கு இது விளையாட்டல்ல. செய்தியைத் தொடங்குவதைவிட முடித்துவைப்பதற்குத்தான் அது அதிக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

முதலாவதாக, ஜி புரதத்திடமே ஒரு கத்தரி இருக்கிறது. ஜி.டி.பி.யைப் பற்றிய கணத்திலிருந்தே அது ஒரு கடிகாரம் போல ஓடத் தொடங்குகிறது. சில வினாடிகளில் ஜி.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிடும். வேலைச் சீட்டு காலாவதியாகிவிட்டது. ஜி புரதம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அட்ரினலின் இன்னும் வாசலில் இருந்தால் மறுபடி புதிய சீட்டு கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. இரண்டாவதாக, ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் வளையத்தைப் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி வெட்டித் திறந்துவிடுகிறது. வளையம் போனால் வாயும் அடைத்துவிடும். மூன்றாவதாக, கைனேஸ் ஒட்டிய பாஸ்பேட்டுகளைப் பிய்த்தெடுக்கவே தனி நொதிகள் இருக்கின்றன.

காப்பியில் உள்ள கேஃபீன் இந்தப் பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுப்பதால்தான் தூக்கம் கலைகிறது என்று சில இடங்களில் படித்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் கேஃபீன் அதைத் தடுப்பது உண்மைதான். ஆனால் ஒரு கோப்பை காப்பியில் உள்ள அளவு அதற்குப் போதாது. தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் ஏற்பியைக் கேஃபீன் அடைத்துக்கொள்வதுதான் முக்கியக் காரணம்.

சரி, முதலாவதாகச் சொன்ன அந்தக் கத்தரி மழுங்கிப்போனால்?

கத்தரி மழுங்கிய குடல்

1915இல் சதர்லேண்ட் பிறந்தார் அல்லவா? அதே ஆண்டில் வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் சம்பு நாத் டே என்ற குழந்தையும் பிறந்தது. சதர்லேண்ட் கல்லீரலைக் கூழாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், டாக்டர் டே கல்கத்தாவில் காலரா நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே பாதையின் இரு முனைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அது அன்று இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

நம் தாத்தா பாட்டி காலத்தில் வாந்திபேதி என்றால் ஊரே நடுங்கும். காலரா பிடித்தவருக்கு அரிசி களைந்த நீர் போன்ற வெளிறிய நீர் வயிற்றுப்போக்காகக் கொட்டும். கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறலாம். கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் இறந்துவிடலாம். இன்றும் உலகில் நடமாடும் ஏழாவது காலரா பெருந்தொற்று தொடங்கியது நமக்கு அருகிலேதான்: 1961இல், இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில்.

காலரா கிருமியை 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சை 75 ஆண்டுகள் யாராலும் பிடிக்க முடியவில்லை. பலர் கிருமியின் சாற்றை விலங்குகளின் உடலுக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்துத் தோற்றார்கள். டே யோசித்தார்: நோய் குடலில் வருகிறது, அப்படியானால் குடலிலேயே வைத்துப் பார்த்தால் என்ன? 1953இல் அவர் முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீரால் பலூன் போல் வீங்கியிருந்தது. 1959இல் இன்னும் ஒரு படி போனார்: கிருமி ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டிய நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. கிருமி தேவையில்லை, அது விட்டுச்செல்லும் நஞ்சே போதும்!

அந்த நஞ்சு செய்வதென்ன? அது குடல் உயிரணுவைக் கொல்வதில்லை, சவ்வைக் கிழிப்பதுமில்லை. அதன் ஒரு பகுதி உள்ளே நுழைந்து ஜி புரதத்தைத் தேடிப்போய், அதன்மேல் ஒரு வேதிப்பொருளை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் ஒட்டிய இடம் கத்தரி இருக்கும் இடம். ஜி.டி.பி.யை வெட்டும் திறன் போய்விடுகிறது என்று டான் கேசல், ஸ்வி செலிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் காட்டினார்கள். கடிகாரம் நின்றுவிட்டது. வேலைச் சீட்டு காலாவதியாவதே இல்லை. சைக்ளேஸ் ஓயாமல் சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் செய்துகொண்டே இருக்கிறது. பாஸ்போடைஎஸ்டரேஸ் வெட்ட வெட்ட, அதைவிட வேகமாகப் புதிது வந்துகொண்டிருக்கிறது.

குடல் உயிரணுவில் சைக்ளிக் ஏ.எம்.பி. சொல்லும் வேலை, குளோரைடு அயனிகள் வெளியேறும் மடையைத் திறப்பது. உணவு நகர்வதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டுமே, அதற்காக ஏற்பட்டது அந்த மடை. இப்போது அது மூடவே இல்லை. குளோரைடு குடலுக்குள் பாய்கிறது. அதன் மின்னூட்டத்தைத் தேடிச் சோடியம் போகிறது. உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் போகிறது. அதே நேரத்தில், உணவிலிருந்து உப்பை உறிஞ்சும் வழக்கமான வழி ஒன்றையும் சைக்ளிக் ஏ.எம்.பி. அடைத்துவிடுகிறது. உடலின் நீர் முழுதும் ஒரே திசையில் வடிகிறது.

இழந்த நீரை ஊசிவழியாக நரம்பில் ஏற்றினால் நோயாளி பிழைப்பார். அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் அதற்குச் சுத்தமான உப்புநீர்ப் புட்டிகள் வேண்டும், ஊசி வேண்டும், தேர்ந்த கைகள் வேண்டும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடிவந்தபோது, பொங்காவ் என்ற எல்லை நகரின் அகதி முகாமில் காலரா பரவியது. அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர் திலீப் மகலனோபிஸ் சென்று பார்த்தபோது நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் விரைவில் தீர்ந்துகொண்டிருந்தது.

குடலில் இன்னும் ஒரு கதவு திறந்திருப்பதை அவர் அறிந்திருந்தார். குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்ளும் கதவு அது. இரண்டும் கைகோத்து வந்தால்தான் திறக்கும். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொல்லியிருந்தார். காலரா நஞ்சும் சைக்ளிக் ஏ.எம்.பி.யும் அந்தக் கதவைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீரோ வெறும் உப்புநீரோ கொடுத்தால் பயனில்லை; குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தால் சோடியம் உள்ளே வரும், அதன் பின்னால் தண்ணீரும் வரும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் மருத்துவமனை நோயாளிகளிடம் இதைச் சோதித்து வெற்றி கண்டிருந்தார்கள். ஆனால் முகாமில், தேர்ந்த தாதியர் இல்லாமல் இது நடக்குமா என்று பலருக்கு ஐயம்.

மகலனோபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து கலக்கச் செய்து, பெரிய கலன்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயோ அண்ணனோ கோப்பையில் பிடித்து வாய்வழியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்முகாமில் 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஸ்டாக்ஹோமில் சதர்லேண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே 1971இல்தான்.

வாய்வழி நீர் கொடுப்பது வயிற்றுப்போக்கை நிறுத்துவதில்லை. மழுங்கிய கத்தரி கூர்மையாவதும் இல்லை. வெளியே போவதற்கு ஈடாக உள்ளே வந்துகொண்டிருக்கும், அவ்வளவே. ஆனால் குடலின் உட்பூச்சு உயிரணுக்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து, நஞ்சு தொடாத புதியவை அடியிலிருந்து மேலேறி வரும். அதுவரை நோயாளி உயிரோடு இருந்தால் போதும்.

டாக்டர் டேக்கு நோபல் கிடைக்கவில்லை. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரைப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த காலரா கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார், 1985இல் மறைந்தார்.

அடுத்தமுறை மருந்துக்கடைக்குப் போகும்போது வாய்வழி நீரேற்ற உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். விளையாட்டுத் திடலில் குடிக்கும் இனிப்புப் பானம் இதற்கு மாற்றாகாது. அதில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. மிகுதியான சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடும். பொட்டலத்தில் இருக்கும் அந்த 13.5 கிராம் குளுக்கோஸ் சுவைக்காகச் சேர்த்ததல்ல. நஞ்சு தொடாத அந்த ஒரு கதவைத் திறக்கத்தான்.